சி.ஐ.எஃப். என்றால் கரை சேரும்வரை நம் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர்களுக்காகக் கப்பல் சரக்குத் தொழிலின் சொற்களை விளக்கி உங்கள் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் இதை எழுதுகிறவர்கள் குறைவு. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அதில் முக்கியமாக இரண்டு வரிகள் தவறாக வந்திருக்கின்றன. எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும்வரை உள்ள செலவு மட்டும் சேர்ந்தது) விற்றால் சரக்கு நம் கம்பெனி வாசலைத் தாண்டியதும் நம் பொறுப்பு தீர்ந்தது என்றும், சி.ஐ.எஃப். விலையில் (கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் சேர்ந்தது) விற்றால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்வரை பொறுப்பு நம்முடையதே என்றும் அதில் இருக்கிறது. இரண்டையும் திருத்தி வெளியிட வேண்டும்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை. கட்டுரையின் ஜெராக்ஸ் களியக்காவிளைப் பக்கம் பலர் கையில் இருக்கிறது. நான் தூத்துக்குடியில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஊரிலிருந்தே சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். விலை கேட்டு வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத என்னிடம் வருகிறவர்கள், "பேப்பர்லயே போட்டிருக்கே அக்கா, எஃப்.ஓ.பி.ன்னா நமக்கு ரிஸ்க் இல்லியாம்" என்கிறார்கள். அச்சில் வந்ததை மறுத்துப் பேசுவது லேசான வேலை இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் தூத்துக்குடி, மறுபக்கம் கொச்சி. இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் அங்கே முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதிலிருந்து இந்தப் பக்கம் முந்திரி, கோகோ பீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்), கிராம்பு, தேன், பனையோலைப் பொருள் என்று எதைச் செய்கிறவரைப் பார்த்தாலும் ஏற்றுமதிப் பேச்சுதான். நல்ல விஷயம். அதனால்தான் அவர்கள் போடும் முதல் கையெழுத்து சரியான இடத்தில் விழ வேண்டும் என்று கவலைப்படுகிறேன்.

இந்தச் சொற்களை வகுப்பது பாரிசில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை. 1936-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள இன்கோடெர்ம்ஸ் 2020. அதில் மொத்தம் 11 விதிகள். ஒவ்வொரு விதியிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருக்கும். எதுவரை யார் செலவு செய்வது? எந்த இடத்தில் ரிஸ்க் கைமாறுகிறது? உங்கள் கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். கலப்பது சுலபம், ஏனென்றால் சில விதிகளில் இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும். சி.ஐ.எஃப். மாதிரியான விதிகளில் அவை ஒரு கடல் தூரம் விலகி நிற்கின்றன.

தூத்துக்குடியிலிருந்து ராட்டர்டாமுக்கு சி.ஐ.எஃப். விலையில் ஒரு கண்டெய்னர் விற்கிறோம் என்று வையுங்கள். ராட்டர்டாம் வரைக்கும் கப்பல் கூலி நாம் கட்டுகிறோம். இன்ஷூரன்சும் நாம்தான் எடுக்கிறோம். ஆனால் ரிஸ்க், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்ட அந்த நேரத்திலேயே வாங்குகிறவர் தலைக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் கப்பலுக்கு ஏதாவது ஆனாலும், ஒப்பந்தப்படி சரியான ஆவணங்களை நாம் கொடுத்திருந்தால் வாங்கியவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டத்தைக் கேட்டு வாங்குவது அவர் வேலை. பாலிசி அவருக்காக எடுக்கப்பட்டதுதான்.

2025 மே 25-ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல். ஏறக்குறைய 640 கண்டெய்னர்கள் இருந்தன. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. அப்படி ஒரு கப்பலில் நம் ஊர்க்காரர் ஒருவரின் சி.ஐ.எஃப். சரக்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கட்டுரையை நம்பினால் அவர் "எல்லாம் என் தலையெழுத்து" என்று வாங்கினவரிடம் காசே கேட்காமல் உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு வரி அவரைக் கடனாளி ஆக்கிவிடும்.

இங்கேயே இன்ஷூரன்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சி.ஐ.எஃப். விதிப்படி, வேறு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், சரக்கு விலையில் 110 சதவீதத்துக்கு, குறைந்தபட்சப் பாதுகாப்பு எடுத்தால் போதும். லண்டன் சரக்குக் காப்பீட்டு விதிகளில் இதற்கு 'சி' கிளாஸ் என்று பெயர். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் மாதிரியான பெரிய விபத்துகள்தான் அதில் வரும். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிச் சரக்கு நனைந்தால் வராது, திருட்டும் வராது. கோகோ பீட்டுக்கும் முந்திரிப் பருப்புக்கும் இருக்கிற முதல் எதிரியே தண்ணீர்தான். பிரீமியத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்து 'ஏ' கிளாஸ் எடுக்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அதிலும் விதிவிலக்குகள் உண்டு. ஈரம் காயாமல் நாமே கட்டி அனுப்பிய சரக்கு பூஞ்சை பிடித்தால் எந்தக் கிளாசும் காப்பாற்றாது.

இனி எஃப்.ஓ.பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் கொட்டேஷன் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் எழுதுவது இதைத்தான். எஃப்.ஓ.பி.-யில் ரிஸ்க் கைமாறுவது கம்பெனி வாசலில் இல்லை. துறைமுக வாசலிலும் இல்லை. கப்பலின் மேல் சரக்கு ஏறிய பிறகுதான். கப்பலின் கைப்பிடிக் கம்பியைத் தாண்டினால் போதும் என்று ஒரு காலத்தில் இருந்த கணக்கையும் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

மார்த்தாண்டத்துக்குத் தெற்கே கோகோ பீட் கட்டி தயாரிக்கும் ஒரு அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று ஒப்பந்தம். வாங்குகிறவர் ஐரோப்பாவில். காலிப் பெட்டி வந்தது, லோடு ஏற்றினார்கள், சீல் போட்டார்கள், பெட்டியை ஒப்படைக்கக் கடைசி நேரமான கட் ஆஃபுக்கு முன்பே பெட்டி துறைமுக யார்டுக்குள் போய்விட்டது. கப்பலில் இடம் இல்லை என்று லைன்காரர்கள் (கப்பல் கம்பெனி) அந்தப் பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். ஐப்பசி மழை. பெட்டி வெட்ட வெளியில். யார்டு ஆட்கள்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள்: கதவின் அடி ரப்பர் வழியாகத் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. சுங்கத்துறை அனுமதி வாங்கி, சர்வேயர் முன்னிலையில் சீலை வெட்டித் திறந்தால், கூரையின் முன்மூலையில் ஆணி நுழைகிற அளவுக்கு ஒரு துரு ஓட்டை. அதற்கு நேர் கீழே இருந்த அடுக்கு முழுவதும் ஊறி உப்பி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்து, கட்டி என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் கிடந்தது. அழுத்திக் கட்டிய கோகோ பீட் தண்ணீர் பட்டால் பல மடங்கு விரியும். அந்தக் குணத்துக்காகத்தானே அதை வாங்குகிறார்கள்!

"என் கேட்டைத் தாண்டி எத்தன நாளாச்சு, நான் எப்படிப் பொறுப்பு?" என்று அண்ணன் கேட்டார். வாங்குகிறவரின் முகவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: கப்பலில் ஏறவில்லை, எஃப்.ஓ.பி.-யில் அதுவரை உங்கள் சரக்கு. விதிப்படி அவர் சொன்னது சரி. எஃப்.ஓ.பி.-யில் இன்ஷூரன்ஸ் வாங்குகிறவர் வேலை என்று நினைத்து அண்ணன் பாலிசியும் எடுத்திருக்கவில்லை. நனைந்த சரக்கு, யார்டு வாடகை, திரும்ப லோடு ஏற்றிய கூலி எல்லாம் அவர் தலையில்.

இதே ஒப்பந்தம் எஃப்.சி.ஏ. என்ற இன்னொரு விதியில் இருந்து, யார்டை ஒப்படைக்கும் இடமாக எழுதியிருந்தால் கதையே வேறு. வாங்குகிறவர் அமர்த்திய லைனிடம் அந்த இடத்தில் பெட்டியை ஒப்படைத்த நொடியில் ரிஸ்க் கைமாறியிருக்கும். அதற்குப் பிறகு பெய்த மழை வாங்குகிறவர் கணக்கு. இது என் சொந்தக் கருத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று விதியை வகுத்த சபையே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதேபோல் சி.ஐ.எஃப்.-க்குப் பதில், கூலியும் இன்ஷூரன்சும் விற்பவரே கட்டும் சி.ஐ.பி. விதி. அந்த விதியில் 'ஏ' கிளாஸ் இன்ஷூரன்சும் கட்டாயம். வேண்டாம் என்று இரு தரப்பும் பேசி வைத்தால் தவிர. எஃப்.ஓ.பி.-யும் சி.ஐ.எஃப்.-உம் கப்பலின் மேல் நேரடியாக ஏற்றும் நிலக்கரி, கருங்கல், மரத்தடி மாதிரியான சரக்குக்குப் பொருத்தமானவை. பழக்கம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கண்டெய்னரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எஃப்.சி.ஏ. போட்டால் பேங்க் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பயம் உண்டு. எல்.சி.யில் (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குகிறவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதம்) பணம் வாங்க, கப்பலில் ஏற்றியாயிற்று என்ற குறிப்புள்ள பி.எல். (சரக்குக்காகக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) கேட்பார்கள். யார்டில் ஒப்படைத்ததற்குக் கிடைக்கும் ரசீதில் அது இருக்காது. 2020 பதிப்பில் இதற்கும் வழி செய்திருக்கிறார்கள். கப்பலில் ஏறியதும் அந்தக் குறிப்போடு பி.எல்.-ஐ விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குகிறவர் லைனுக்குச் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். புதியவர்களுக்கான கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

பெட்டியைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். காலிப் பெட்டி வந்ததும் லோடு ஏற்ற அவசரப்படக் கூடாது. ஒருவர் உள்ளே போய் நிற்க, வெளியிலிருந்து கதவை இறுக்கச் சாத்த வேண்டும். இருட்டில் கண் பழகியதும் கூரையையும் மூலைகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். டிரெய்லர் டிரைவர் முணுமுணுப்பார். பரவாயில்லை.

எக்ஸ் ஒர்க்ஸ் (வாங்குகிறவரே நம் இடத்தில் சரக்கை எடுத்துக்கொள்வது), டி.டி.பி. (வரியும் கட்டி அவர் இடத்தில் நாமே சேர்ப்பது) இரண்டையும் கட்டுரை "எளிமையான முறைகள்" என்கிறது. இரண்டுமே புதியவர்களுக்கு ஆகாது. எக்ஸ் ஒர்க்சில் ஏற்றுமதிச் சுங்க வேலை வாங்குகிறவர் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவர் நம் சுங்கத்தில் ஷிப்பிங் பில் போடுவது எப்படி? கடைசியில் நம் ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு) எண்ணில், நம் பெயரில்தான் நடக்கும். டி.டி.பி.-யில் அந்த நாட்டு இறக்குமதி வரிவரைக்கும் நம் பொறுப்பு. அந்த நாட்டு வரிச் சட்டம் தெரியாமல் அதில் இறங்கக் கூடாது.

கப்பல் கூலி ஏறும் ரிஸ்க்கைப் பற்றிக் கட்டுரையில் பேச்சே இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. கூலி பல மடங்கு ஏறியது. அதன் மேல் புதுப்புது சர்சார்ஜ்கள். அதற்கு முன் பழைய கூலியைக் கணக்குப் போட்டு சி.ஐ.எஃப்.-ஓ, இன்ஷூரன்ஸ் இல்லாமல் கூலி மட்டும் சேர்ந்த சி.எஃப்.ஆர்.-ஓ விலை கொடுத்திருந்தவர்கள் லாபத்தை முழுசாக விட்டார்கள். கொட்டேஷனில் விலை எந்தத் தேதிவரை செல்லும், கூலி ஏறினால் வித்தியாசம் யார் கணக்கு என்று இரண்டு வரி சேர்த்தால் இதைத் தவிர்க்கலாம்.

இறக்குமதிப் பக்கம் வந்தால், டெமரேஜும் டிடென்ஷனும் ஒன்றே என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மாவட்டத்து முந்திரி ஆலைக்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி அனுபவப்பட்டவர்கள். லோடு பெட்டி துறைமுகத்துக்குள் ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாமல் லைன் தரும் நாட்கள்) தாண்டிக் கிடந்தால் லைன் வசூலிப்பது டெமரேஜ். பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டு போய், சரக்கை இறக்கி, காலிப் பெட்டியைத் திருப்பி விட நாள் தாண்டினால் டிடென்ஷன். இவை போக இடத்துக்கு வாடகை, துறைமுகமோ, சி.எஃப்.எஸ். என்ற கண்டெய்னர் சரக்கு நிலையமோ தனியாக வாங்கும். சில லைன்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் பில் போடும்; அப்போதும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று கேட்டு வாங்க வேண்டும். ஃப்ரீ டேஸ் கணக்கில் பொதுவாக ஞாயிறும் விடுமுறையும் சேரும். நாள் ஏற ஏற ரேட்டும் ஏறும். ஒரிஜினல் பி.எல். பேங்கில் மாட்டிக்கொண்டால் பெட்டி தன் பாட்டுக்கு யார்டில் மீட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரீ டேஸ் எத்தனை என்று புக்கிங் நேரத்திலேயே பேசி எழுத்தில் வாங்குவதுதான் ஒரே வழி.

பி.எல். பற்றிக் கட்டுரையில் "கப்பல் ரசீது" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். அது ரசீது மட்டும் இல்லை. கையெழுத்திட்டு அடுத்தவர் பெயருக்கு மாற்றித் தரக்கூடிய 'ஆர்டர்' பி.எல்.-இன் ஒரிஜினல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கைக் கேட்கும் உரிமை. பொதுவாக மூன்று ஒரிஜினல் கொடுப்பார்கள். ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் மதிப்பில்லை. இந்தியாவில் இதற்கு 1856-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இவ்வளவு காலம் இருந்தது. 2025-இல் புதுச் சட்டம் நிறைவேறியது. "டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள், பணம் நாளைக்கு அனுப்புகிறேன்" என்று வாட்ஸப்பில் கேட்கும் பார்ட்டிகள் இருக்கிறார்கள். டெலக்ஸ் ரிலீஸ் என்றால் ஒரிஜினலை இங்கேயே ஒப்படைத்துவிட்டு, காகிதம் இல்லாமலே அங்கே சரக்கை விடச் சொல்வது. பணம் வங்கிக் கணக்கில் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்கவே கூடாது. இன்கோடெர்ம்ஸ் எதுவும் இதில் கைகொடுக்காது. பணம் எப்போது வரும், சரக்கின் உரிமை எப்போது மாறும் என்பதைப் பற்றி அந்த விதிகள் பேசுவதே இல்லை.

எங்கள் ஊரில் பனையோலைப் பெட்டி முடையும் மகளிர் குழு ஒன்றுக்கு ஜெர்மனியிலிருந்து விலை கேட்டு வந்திருக்கிறது. முழுக் கண்டெய்னர் அளவுக்குச் சரக்கு இல்லை, எல்.சி.எல்.-இல், மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதில் கூலி கனமீட்டருக்கோ டன்னுக்கோ, எது அதிகமோ அதற்கு. ஓலைப்பெட்டிக்கு எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். அதனால் சிறியதைப் பெரியதற்குள் வைத்து அடுக்கிக் கட்டச் சொன்னேன். எல்.சி.எல்.-இல் நம் அட்டைப்பெட்டிகளைச் சரக்குக் கிடங்கில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். எந்தக் கண்டெய்னரில், யார் சரக்குக்குப் பக்கத்தில், எந்த நாளில் ஏற்றுவார்கள் என்பது நம் கையில் இல்லை. அப்படியிருக்க, கப்பலில் ஏறும்வரை ரிஸ்க் நமக்கு என்று எஃப்.ஓ.பி.-யில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! குழுத் தலைவி அக்கா உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எஃப்.ஓ.பி. என்றே எழுத வேண்டும் என்று நின்றார். நான் கொட்டேஷனை எஃப்.சி.ஏ. என்று தயாரித்து, பின்னாலேயே தூத்துக்குடிக் கிடங்கின் முழு முகவரியையும், இன்கோடெர்ம்ஸ் 2020 என்பதையும் சேர்த்திருக்கிறேன். இடமும் ஆண்டும் எழுதாத விதி, தகராறு வந்தால் அரைகுறையாகத்தான் நிற்கும்.

ஷிப்பிங் பில்லில் மட்டும் எஃப்.ஓ.பி. மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அது சுங்கத்துக்கான கணக்கு. டிராபேக் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) பெரும்பாலும் அந்த மதிப்பின் மேல்தான் கணக்காகும். எந்த விதியில் விற்றாலும் அதை நிரப்பத்தான் வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தமும் எஃப்.ஓ.பி.தான் போலிருக்கிறது என்று குழம்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். திருத்தம் எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கொட்டேஷன் இன்னும் போகவில்லை. பேப்பரில் வரட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று அக்கா காத்திருக்கிறார். ஜெர்மன் பார்ட்டி இந்த மாதக் கடைசிவரைதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அதே வணிகப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணி செய்யும் வாசகி,
களியக்காவிளை.